ஆள் இல்லாமல் ஓடும் தொட்டி

தெருவில் எல்லோரும் அவரை சீஃப் என்றுதான் கூப்பிடுவார்கள். கப்பலில் அவர் ஒரு நாளும் சீஃப் இன்ஜினியராக இருந்ததில்லை. செகண்ட் இன்ஜினியராகவே காலம் தள்ளி, செகண்ட் இன்ஜினியராகவே இறங்கி வந்தவர். எதிர்வீட்டுக்காரர் எப்போதோ வாய்க்கு வந்தபடி கொடுத்த பதவி உயர்வு அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. அவரும் மறுக்கவில்லை. கம்பெனி கொடுக்காததைத் தெரு கொடுக்கிறது, வேண்டாம் என்று சொல்ல அவருக்கென்ன பைத்தியமா?

கப்பல் வேலை முடிந்தது, இனிமேல் வீட்டோடுதான் என்று அவர் சொல்வது இது மூன்றாவது தடவை. முதல் தடவை சொன்னபோது மனைவி நம்பினாள். வீட்டுக்குப் புதிதாக ஜன்னல் திரை தைத்துப் போட்டாள். திரை ஒரு சலவை காண்பதற்குள் ஏஜென்ட் போன் செய்தான்: "ஆள் கிடைக்கல சார், ஒரே ஒரு டிரிப்." போய்விட்டார். இரண்டாம் தடவை அவள் பாதிதான் நம்பினாள், திரை எதுவும் தைக்கவில்லை. அப்போதும் அந்த ஒரே ஒரு டிரிப் வந்து சேர்ந்தது. இந்தத் தடவை, "சரி" என்றாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள் அவள். பிரேம் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு, இன்னொரு நாள் வருகிறேன் என்று நழுவுகிற ஆளிடம் சொல்வாளே, அந்தச் சரி.

அவளைக் குறை சொல்வதற்கில்லை. கட்டிலுக்கு அடியில் அவருடைய கப்பல் பை இன்னும் காலி செய்யப்படாமல்தான் கிடந்தது. இயந்திர அறையில் கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே உடுப்பாகப் போட்டுக்கொள்கிற பாய்லர் சூட், துவைத்து மடித்து மேலாகவே இருந்தது. பெருக்கும்போதெல்லாம் அவள் அந்தப் பையைத் துடைப்பத்தால் ஒரு பக்கம் தள்ளி, பெருக்கிவிட்டு, பழைய இடத்துக்கே தள்ளிவிடுவாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டுத் தொலைத்தால் தேவலை என்று சீஃபுக்குத் தோன்றும்.

லீவில் வரும்போதெல்லாம் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. வந்த மறுநாள் வீட்டைச் சுற்றி ஒரு ரவுண்டு போவார். குழாயைத் திறந்து மூடுவார், தண்ணீர் மோட்டாரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், கதவை ஆட்டிக் கீல் சத்தம் போடுகிறதா என்று கேட்பார். அப்போது பள்ளியில் படித்த மகளின் மார்க்கையும் அதே வேகத்தில் பார்த்துவிடுவார். பிறகு, "பரவாயில்லையே, எல்லாம் நல்லாத்தான் ஓடுது" என்பார். அவரிடம் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. புதுக் கப்பல்களில் இயந்திர அறையில் ஆளே உட்கார வேண்டாம். எல்லாம் தானாக ஓடும், கோளாறு என்றால் மணியடித்துக் கூப்பிடும். அப்படி ஆள் இல்லாமல் ஓடுகிற மாதிரி வைத்திருப்பவன்தான் இன்ஜினியர் என்பது அவர் கட்சி. பெண்டாட்டியையும் அந்தக் கணக்கில்தான் மெச்சினார். அவள் அதை எப்படி எடுத்துக்கொண்டாள் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

கடல்நீர் மீன்தொட்டி ஆசை வந்தது பல் டாக்டரிடம். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போய்க் காத்திருந்த இடத்தில், சுவரோரமாக ஒரு தொட்டி இருந்தது. உள்ளே பவளங்கள் காற்றே இல்லாமல் அசைந்துகொண்டிருந்தன. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள் ஒன்றையொன்று விட்டு நகராமல் சுற்றின. சீஃப் எழுந்துபோய்க் கண்ணாடியில் மூக்கு படுகிற மாதிரி நின்றார். முப்பது வருஷம் கடலில் இருந்தாயிற்று. இருந்தது என்னவோ தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, எண்ணெய் நாற்றத்தில். ஒரு இரும்புத் தகட்டுக்கு அந்தப் பக்கம் இவையெல்லாம் நடந்துகொண்டிருந்திருக்கின்றன, யாரும் சொல்லவில்லை. பெயர் கூப்பிட்டது அவர் காதில் விழாமல், அவருக்குப் பின்னால் வந்த ஆள் முதலில் பல்லைப் பிடுங்கிக்கொண்டு போனான்.

வீட்டுக்கு வந்து, வாயில் பஞ்சோடு கையை அகல விரித்து மனைவிக்கு விளக்கினார். வலி தாங்காமல் ஆட்டம் போடுகிறார் என்று நினைத்து அவள் மாத்திரை எடுத்து வந்தாள். மறுநாள் வாய் திறந்து பேச முடிந்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

"மீனா? யாரு பாத்துக்கறது?"

"நான்தான். வேற யாரு?"

"சரி."

மறுபடியும் அந்தச் சரி. இது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. வாயால் சொன்னால் இவளிடம் எடுபடாது, தொட்டியை வாங்கி இறக்கிவிட்டால், மனுஷன் இங்கேதான் இருக்கப் போகிறான் என்று தானாகப் புரிந்துகொள்வாள் என்று முடிவு கட்டினார். அந்த வாரம்தான் ஏஜென்ட் மறுபடி போன் செய்திருந்தான் என்பதையும், அவனிடம் "பாக்கலாம்" என்று சொல்லிவைத்திருக்கிறார் என்பதையும் அவளிடம் சொல்லவில்லை. பொய் சொல்ல வேண்டும் என்று இல்லை. போவோமா மாட்டோமா என்று அவருக்கே தெரியவில்லை.

ஒரு விடுமுறை நாளில் இரண்டு பேருமாகக் கடைக்குப் போனார்கள். வெளியே வெயில் கொளுத்த, கடைக்குள் எல்லாம் நீலமாக இருந்தது. தரை ஈரம், மோட்டார் முனகல், உப்புப் பூத்த குழாய்கள். சீஃப் ஆழமாக மூச்சு இழுத்துவிட்டார். சொந்த வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது அவருக்கு.

கடைக்காரர் நல்ல மனுஷன், வியாபாரத்துக்கு ஆகாத அளவு நல்ல மனுஷன். "மொதத் தொட்டின்னா ஆசைய கொஞ்சம் அடக்கிக்கணும் சார். கல்லு மாதிரி இருக்கற பவளமெல்லாம் இப்ப வேண்டாம், மெத்துன்னு இருக்கே, இந்த வகை போதும். இதுக்குப் பெரிய லைட் தேவையே இல்ல. ஒரேயடியா வெளிச்சத்தக் கொட்டினா வெளுத்துப் போயிடும்."

பக்கத்துப் பக்கத்தில் தொங்கிய விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். வெறும் வெள்ளையில் பவளம் வேகவைத்த காய் மாதிரி இருந்தது. நீலத்தைக் கூட்டியதும் அதே பவளம் பச்சையும் ரோஸுமாகப் பற்றிக்கொண்டது. சீஃப் வாயைப் பிளந்தார். மனைவிக்குக் கண்ணாடிக் கடைப் புத்தி வந்துவிட்டது, நீலத்தைக் கொஞ்சம் ஏற்றியும் இறக்கியும் அவரிடம் கேட்டாள்.

"இப்ப நல்லாருக்கா? இல்ல, மொதல்ல இருந்தது நல்லாருந்துதா?"

"ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. நல்லாப் பாருங்க. இதுவா, அதுவா?"

கடைக்காரர் சிரித்தார். கடைசியில் அவள்தான் தீர்த்துவைத்தாள். நீலம் கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும், வெள்ளை தொட்டுக்கொள்ள இருந்தால் போதும், இல்லாவிட்டால் பார்க்கிறவர் முகமெல்லாம் சீக்காளி மாதிரி தெரியும் என்றாள். தொட்டி எந்தச் சுவரோரம் வர வேண்டும், ஜன்னல் வெயில் படாமல் எப்படி என்றெல்லாம் கேட்டாள். மெல்ல மெல்ல அவள் இறங்கி வருவதை சீஃப் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார். அத்தோடு கடையை விட்டுக் கிளம்பியிருக்கலாம்.

கடைக்காரர் உள்ளே போய் இன்னொரு விளக்கைக் கொண்டுவந்தார். "இது கொஞ்சம் ஒசத்தி. காலையில சூரியன் வர்ற மாதிரி தானா மெல்ல ஏறும், சாயங்காலம் தானா இறங்கும். எல்லாம் போன்லயே மாத்திக்கலாம். நீங்க எந்த நாட்டுல இருந்தாலும் சரி."

"அப்படியா!" என்றார் சீஃப். அந்த ஒரு வார்த்தையில் அவர் முகத்தில் பத்து வயது குறைந்தது.

அதற்கப்புறம் அவரைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. தொட்டியில் தண்ணீர் நாளுக்கு நாள் ஆவியாகிக் குறையுமே, அதற்கு? தானாக நிரப்புகிற கருவி இருந்தது. பம்ப் நின்றுபோனால்? இன்னொரு பம்பை மாட்டிவைக்கலாம், ஒன்று நின்றால் மற்றது எடுத்துக்கொள்ளும். கரண்ட் போனால்? பேட்டரி. ஹீட்டர்? அதிலும் இரண்டு. அழுக்கை நுரையாக்கி வடிக்கிற ஸ்கிம்மர், தானாகத் தீனி போடுகிற டப்பா. கப்பல் சாமான் ஏற்றுகிற மாதிரி ஏற்றினார். கடைக்காரர், "இவ்வளவும் எதுக்கு சார்?" என்று ஒரு தடவை கேட்டும் பார்த்தார். மனைவி எப்போதோ நகர்ந்துபோய், ஆரஞ்சு மீன் இருந்த தொட்டி முன்னால் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

சாமான்கள் வந்து இறங்கின. கூடத்தில் பெரிய தொட்டி, அதன் அடியில் அலமாரிக்குள் பம்புகள் உட்காருகிற சின்னத் தொட்டி. குழாய்களுக்குக் கலர் கலராகப் பட்டி ஒட்டினார், வால்வுகளுக்கு அம்புக்குறி போட்டார். உப்பைக் கலந்து, அளந்து, பாறைகளை அடுக்கி, எல்லாவற்றையும் ஓடவிட்டு, அலமாரிக் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அதிர்வே இல்லை. பரம திருப்தி. பிறகு போனைத் தூக்கிக்கொண்டு செருப்பை மாட்டினார்.

"நீ இங்கயே நில்லு. நான் தெருமுனைக்குப் போய் அங்கேருந்து லைட்ட ஏத்தறேன், பாரு."

தெருமுனையிலிருந்து போன் வந்தது. "ஏறுதா?"

"ஏறுது."

"இப்ப எறங்குதா?"

"எறங்குது."

"பாத்தியா!" என்று கத்தினார். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் திரும்பிப் பார்த்தார்.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது மனைவி தொட்டி முன்னால் அப்படியே நின்றிருந்தாள். குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள்.

"எந்த நாட்டுல இருந்து ஏத்தப் போறீங்க?"

"என்னது?"

"லைட்ட. எந்த நாட்டுல இருந்து?"

"அட, சும்மா ஒரு வசதிக்குத்தானே..." என்று பூசி மெழுகப் பார்த்தார்.

"தானா எரியுது, தானா அணையுது, தானா ரொம்புது. சோறு கூட தானா விழுது. ஒண்ணு நின்னா இன்னொண்ணு ஓடுது. இது வீட்ல இருக்கப் போற மனுஷன் வாங்கற சாமானா? ஆள் இல்லாத வீட்டுக்கு வாங்கற சாமான். ஆள் இல்லாத வீடு எப்படி ஓடும்னு எனக்குத் தெரியாதா? நான்தானே ஓட்டினேன்."

சொல்லிவிட்டு அவள் துணி எடுக்க மாடிக்குப் போய்விட்டாள். அவள் சொன்னதில் ஒரு ஆணி கூட ஆடவில்லை. போகலாமா வேண்டாமா என்று அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்க, கை தன்பாட்டுக்கு முடிவு பண்ணிச் சாமான் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து தொட்டியைப் பார்த்தார். உள்ளே ஒரு உயிர் இல்லை. அதற்கே இத்தனை காவல். அவருக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் எல்லாவற்றையும் கழற்றிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

"எதாவது ரிப்பேரா சார்?" கடைக்காரர் பதறினார்.

"ஒரு ரிப்பேரும் இல்ல. நல்லா ஓடுது. அதான் வேண்டாம்."

"புரியல சார்."

"சுவிட்ச் போட்டா எரியணும், சுவிட்ச அணைச்சா அணையணும். அப்படி ஒரு லைட் குடுங்க. பம்ப் ஒண்ணு, ஹீட்டர் ஒண்ணு, ஸ்கிம்மர் இருக்கட்டும். தண்ணி நான் ஊத்திக்கறேன்."

கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். ஒசத்தி சாமானைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாதாரணத்தை வாங்கிப்போகிற ஆளை அவர் முதல் தடவையாகப் பார்க்கிறார். சீஃப் வாங்கிவந்த விளக்கில் இரண்டே சுவிட்ச் இருந்தன. ஒன்று நீலத்துக்கு, ஒன்று வெள்ளைக்கு. வீட்டில் மாட்டிக் காட்டியபோது மனைவி பார்த்துவிட்டு, "சரி" என்றாள். கொஞ்சம் வேறு மாதிரி சரியோ என்று அவருக்கு ஒரு சபலம். வேறு மாதிரி எல்லாம் இல்லை.

அதன் பிறகு அவருக்கு ஒரு வேலை வந்தது. காலையில் எழுந்ததும் கீழ்த்தொட்டியில் போட்டுவைத்த கோடு வரை நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். உப்பு ஆவியாகாது, தண்ணீர்தான் போகும், அதனால் ஊற்றுவது உப்பில்லாத தண்ணீர். அதையும் மடமடவென்று கவிழ்க்கக் கூடாது. கீழ்த்தொட்டியில் பம்ப் உட்காருகிற கடைசி அறை சின்னது, ஒரு நாள் விட்டாலே மட்டம் இறங்கி பம்ப் காற்றை உறிஞ்ச ஆரம்பித்துவிடும். பிறகு விளக்கு. சாயங்காலம் விளக்கை அணைக்க வேண்டும். தண்ணீர் பக்குவப்படுகிற வரை மீன் விடக் கூடாது என்று கடைக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், வாரக்கணக்கில் வெறும் பாறைக்கு விளக்குப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "மீன் எங்க சீஃப், ஒளிஞ்சிருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அப்படி ஒரு காலையில் ஊற்றிக்கொண்டிருந்தபோது ஏஜென்ட் கூப்பிட்டான்.

"முடியாதுப்பா. இங்க தண்ணி ஊத்தணும்."

"யாருக்கு சார்?"

"தொட்டிக்கு."

"சார், நாங்க வேணா சாயங்காலமா கூப்பிடட்டுமா? நீங்க தெளிவா இருக்கும்போது?"

"தெளிவாத்தான்யா இருக்கேன். நான் வரல. இனிமே கூப்பிடாத." வைத்துவிட்டார். மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "ஏஜென்ட் கூப்பிட்டான். வரலைன்னுட்டேன்" என்றார்.

"போன தடவையும் சொன்னீங்க. கிளம்புற அன்னிக்குக் காலையில கூட சொல்லிட்டிருந்தீங்க," என்றபடி தலை வாரி முடித்தாள்.

மீன் வந்தது. பல் டாக்டரிடம் பார்த்த அதே ஆரஞ்சு ஜோடி. கூடவே மெத்தென்ற பவளம் ஒன்று. மனைவி சாயங்காலம் வேலையிலிருந்து வந்தால் கைப்பையை வைப்பதற்கு முன் தொட்டிப் பக்கம் ஒரு நடை போவாள். நெருங்கி நின்று பார்க்க மாட்டாள், வழியில் இருப்பதால் பார்க்கிற மாதிரி பார்ப்பாள்.

அப்போதுதான் அந்தச் சாவுச் செய்தி வந்தது. கப்பலில் அவர் யாருக்குக் கீழே வேலை பார்த்தாரோ, அந்த நிஜமான சீஃப் இன்ஜினியர் போய்விட்டார். சாவு வீடு இருந்தது துறைமுகம் இருக்கிற ஊரில். ரயிலில் போய், அன்றைக்கு அங்கே தங்கி, மறுநாள்தான் திரும்ப முடியும். ஏஜென்டின் ஆபீசும் அந்த ஊரில்தான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதை இரண்டு பேரும் சொல்லவில்லை. ஒரு சட்டையும் துண்டும் எடுத்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டார்.

"காலையில மட்டும் கோடு வரைக்கும் தண்ணி ஊத்திடு. லைட்டையும் போட்டுடு."

அவள் ஆகட்டும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. "சாப்பிட்டுப் போங்க" என்றாள்.

மறுநாள் மதியம் திரும்பினார். வாசல் கதவைத் திறப்பதற்கு முன்பே காதில் விழுந்தது. கொர் கொர் என்று பம்ப் காற்றை உறிஞ்சுகிற சத்தம். அந்தச் சத்தத்துக்கு முப்பது வருஷம் ஓடியவர், செருப்பைக் கூடக் கழற்றாமல் கூடத்துக்குள் ஓடினார். விளக்கு எரியவில்லை. தொட்டி முழுக்கப் பொடிக் குமிழிகள். மீன்கள் பவளத்தை ஒட்டி இருட்டில் நின்றன, நல்லவேளை, உயிரோடு. அலமாரிக் கதவைத் திறந்தால் மட்டம் கோட்டுக்கு வெகு கீழே இருந்தது.

மனைவி வீட்டில்தான் இருந்தாள். வேலைக்குப் போகவில்லை. சாப்பாட்டு மேஜையில், தொட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"காதுல விழலையா உனக்கு?"

"விழுந்துது. காலையில இருந்து விழுது."

"அப்புறம் என்ன? ஒரு குடம் தண்ணி ஊத்த உனக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? எல்லாத்தையும் நான்தான் ஊத்தினேன். கூரை ஒழுகினப்ப, பொண்ணுக்குக் காய்ச்சல் வந்தப்ப, உங்கம்மாவுக்கு ஆபரேஷன் பண்ணினப்ப. நீங்க வர்றதுக்குள்ள எல்லாம் சரியாயிருக்கும். வந்து ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு, எல்லாம் நல்லாத்தான் ஓடுதுன்னு சொல்லிட்டு மறுபடி கிளம்பிடுவீங்க." அவள் தொட்டியைக் காட்டினாள். "நீங்க இல்லாம ஓடாதது இந்த வீட்ல ஒண்ணே ஒண்ணாவது இருக்கட்டும்னுதான் ஊத்தல. கை பரபரன்னுச்சு. கட்டிப் போட்ட மாதிரி உக்காந்திருக்கேன்."

சீஃப் குடத்தை எடுத்துவந்து குனிந்து ஊற்ற ஆரம்பித்தார். அவசரப்படக் கூடாது என்று தெரிந்தும் கை அவசரப்பட்டது, பாதி தரையில் போயிற்று. மட்டம் மெல்ல ஏற, கொர் கொர் குறைந்து, விக்கல் மாதிரி இரண்டு தடவை வந்து நின்றது. வீடு அமைதியானது. எழுந்துபோய் நீலச் சுவிட்சைப் போட்டார்.

தரையெல்லாம் தண்ணீர். கண்ணாடியிலும் உப்புத் தெறித்துக் கறை கட்டியிருந்தது. துடைக்கத் துணி தேடி அடுக்களைக்குப் போனார், கிடைக்கவில்லை. படுக்கையறைக்குப் போய், கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்து, மேலாக இருந்த பாய்லர் சூட்டை உருவிக்கொண்டு வந்தார். அதை அப்படியே தரையில் போட்டு மிதித்து இழுத்தார். பிறகு காய்ந்த பக்கத்தைச் சுருட்டிக்கொண்டு கண்ணாடியைத் துடைக்கப் போனார்.

"இருங்க, இருங்க," என்று மனைவி எழுந்து வந்தாள். "அதுல ஜிப் இருக்கு. கண்ணாடி கீறிடும்."

அவர் கையிலிருந்து அதை வாங்கி மேஜைமேல் விரித்தாள். பிறகு அவரை ஒரு பார்வை பார்த்தாள், கடையில் இதுவா அதுவா என்று கேட்பாளே, அந்தப் பார்வை.

"வெட்டட்டுமா?"

"வெட்டு," என்றார்.

அவள் கத்திரிக்கோல் எடுக்கப் போனாள்.